ஆயில் ஒழுகின வண்டி

சுத்திப் பாருங்க தம்பி, நல்லாச் சுத்திப் பாருங்க. குனிஞ்சும் பாருங்க. பழைய டீசல் வண்டின்னாலே அடியில என்ன ஒழுகுதுன்னுதான் மொதல்ல கண்ணு போகும், எனக்குத் தெரியாதுங்களா? கையை விட்டுத் தடவிப் பாருங்க. காஞ்சு கெடக்குதுங்களா? ஒரு பிசுக்கு இருக்காது. அதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அதை வண்டியோட சேத்து விக்கவும் முடியாது.

ஏன் விக்கறீங்கன்னு கேக்கறீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஏறறதுக்கு ஆளில்லீங்க, அவ்வளவுதான். நான் ஒருத்தனே ஓட்டிட்டுப் போயி நான் ஒருத்தனே எறங்கறதுக்கு இத்தாப் பெரிய வண்டி எதுக்கு?

உக்காருங்க. ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னால கதையையும் கேட்டுக்கங்க. பின்னால யாராச்சும் உங்ககிட்ட வேற மாதிரிச் சொன்னா, நாச்சிமுத்து கவுண்டர் இப்படிச் சொன்னாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கோணும். இந்தத் தாராவரத்துல என் கதையை என்னைத் தவிர எல்லாரும் சொல்றாங்க.

இந்த வண்டி எங்கிட்ட வந்து ரொம்ப வருசமாச்சு. கோழித் தீவன ஏவாரம் பண்ணுன காலத்துல வாங்குனது. அன்னைல இருந்து இதுக்கு வைத்தியம் பாத்ததெல்லாம் என் மச்சினன் தண்டபாணிதான். என் வீட்டுக்காரி இருக்கா பாருங்க, வேலுமணி, அவளோட தம்பி. பைபாஸுல ஒர்க்ஷாப்பு வெச்சிருந்தான். கை சுத்தமான ஆளு, அதை நான் இல்லைன்னு சொல்லலை. யாரையும் வாய்க்கு வந்தபடி பேசறவன் இல்லைங்க நானு.

நாங்க இந்த வீடு கட்டிக் குடி வந்தப்பத்தான் எல்லாம் ஆரம்பிச்சுது. போர்ட்டிகோவுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டேன். கொத்தனாரு வேண்டாம்னு சொன்னாரு, வண்டி நிக்கற எடத்துல சிமெண்டுத் தரையே போதும்னாரு. எம் மக மேகலாவுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்த சமயம், வர்றவங்க வாசல்ல கால் வெக்கறப்பவே தெரியோணுமில்ல, எப்படிப்பட்ட குடும்பம்னு? போட்டாச்சு. பளிங்கு மாதிரி இருந்துச்சு.

இந்த என்ஜின் மேல் மூடியில இருந்து ஒரு ரப்பர் குழாய் கீழ தொங்கும், பாத்தீங்கல்ல? அதுல லேசாப் பொகை வரும், எப்பவாச்சும் ஒரு சொட்டு எண்ணெ விழும். பழைய வீட்டுல மண்ணு வாசல், யாரு பாத்தா? இங்க வெள்ளை டைல்ஸுல அந்த ஒரு சொட்டு, புதுச் சேலையில மை பட்ட மாதிரி நிக்குது. நான் என்ன பண்ணேன், பழைய வேட்டியைக் கிழிச்சு உருண்டையாச் சுருட்டி அந்தக் குழாய்க்குள்ள திணிச்சு, மேல கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டேன். சொட்டு நின்னு போச்சு. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடலை, நானே பண்ணுனேன். அது சின்ன விசயம், அதை விடுங்க.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் காலைல வண்டியை வெளிய எடுத்துட்டுப் பாக்கறேன், டைல்ஸு மேல உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாத் தேங்கி நிக்குது. சோப்புத்தூள் போட்டுக் கழுவுனா வழுக்குதே ஒழிய போக மாட்டேங்குது. நேரா தண்டபாணிகிட்டப் போனேன்.

"என்ஜினுக்குப் பின்னாடி இருக்கற ஆயில் சீலு போயிருக்குது, அதை மாத்துடா"ன்னேன்.

"இருங்க மாமா, சொட்டற எடம் வேற, ஒழுகற எடம் வேற. எண்ணெ மேல எங்கியோ கசிஞ்சு, ஓடறப்பக் காத்துல பின்னால வழிஞ்சு வந்து, தாழ்வா இருக்கற எடத்துல சொட்டும். மொதல்ல என்ஜினைக் கழுவோணும்"னான்.

மண்ணெண்ணெ விட்டுப் பிரஷ்ஷுல தேச்சு மொத்த என்ஜினையும் கழுவுனான். காத்தடிச்சுக் காய வெச்சான். அப்பறம் பொண்ணுங்க மூஞ்சிக்குப் போடற பவுடரு இருக்குதில்லீங்களா, அந்த டப்பாவை எடுத்து என்ஜின் பூராத் தூவுறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்னடா, என்ஜினைப் பொண்ணு பாக்க வர்றாங்களான்னேன். அவனும் சிரிச்சான். வண்டியை ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து பானெட்டைத் தொறந்தா, பவுடரு எங்க நனைஞ்சிருக்குதோ அங்கதான் கசிவு. மேல் மூடியோட பின் மூலையில நனைஞ்சிருந்துச்சு. மூடிக்கு அடியில எண்ணெ கசியாம இருக்கப் போடற பேக்கிங்கை மாத்திக் குடுத்தான்.

குடுக்கறப்ப அந்தத் துணியைக் கையில வெச்சுட்டு, "மாமா, இது என்ஜின் மூச்சு விடற குழாய். இதை அடைக்காதீங்க"ன்னான். சரின்னேன்.

வீட்டுக்கு வந்தா ஒழுகல் இல்லை. ஆனா அந்தக் குழாய்ல பழையபடி ஒரு சொட்டு. சரி, வேலை செஞ்சவன் எடுத்த துணியைத் திருப்பி வெக்காம விட்டுட்டான், அவனுக்கு ஆயிரம் சோலின்னு நானே வேற துணி சுருட்டி வெச்சுக் கட்டுனேன்.

மறுபடியும் ஒழுகுது! இந்த வாட்டி கீழ, எண்ணெத் தொட்டியில. மறுபடி கழுவுனான், பவுடரு போட்டான், தொட்டிப் பேக்கிங்கை மாத்துனான். துணியையும் எடுத்து வீசிட்டான். நான் மறுபடியும் வெச்சேன். அப்பறம் வேலுமணி வந்து சொல்றா, "தம்பி போன் பண்ணுனான், அந்தக் குழாயை அடைச்சா உள்ள இருக்கற காத்துக்குப் போக வழியில்லாம எண்ணெயைத் தள்ளி விடுமாம், உங்ககிட்டச் சொல்லச் சொன்னான்"னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏங்க, என் வண்டியைப் பத்தி எங்கிட்டச் சொல்லாம அக்காகிட்டச் சொல்லி விடறது என்ன பழக்கம்? நீ போயி அடுப்பைப் பாரு, என்ஜினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னேன். அவ தம்பி சொல்லிக் குடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி வந்து ஒப்பிக்கறா. அப்பறம் ஒருக்காவும் சொன்னா. நான் காதுலயே போட்டுக்கலை.

காப்பி வந்துருச்சு. எடுத்துக்கங்க தம்பி, சூடு ஆறிரும். தம்பி பல்லடத்துல இருந்து வந்திருக்காரு அம்மிணி, வண்டி பாக்க.

பாத்தீங்களா? வேலுமணி உங்களை வாங்கன்னு கேட்டா, சிரிச்ச மொகமாத்தான் கேட்டா. என் டம்ளரை சன்னல் மேல வெச்சுட்டுப் போறா. கையில குடுக்க மாட்டா. இப்ப அப்படித்தான்.

எங்க விட்டேன்? ஆமாங்க, தொட்டி. அதுக்குள்ள மேகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. ஈரோட்டுப் பக்கம், நல்ல எடம், பெரிய குடும்பம். வண்டி மூணாவது வாட்டியும் ஒழுகுது. இப்ப நான் மொதல்லயே சொன்ன அந்தப் பின்னாடிச் சீலு. கியர் பாக்ஸை எறக்கித்தான் மாத்தோணும், லேசான வேலையில்லை. தண்டபாணி வண்டிக்கு அடியிலயே படுத்துக் கெடந்து மாத்துனான். எந்திரிச்சு வந்து எண்ணெக் கையோட நிக்கறான். "மாமா, புதுப் பேக்கிங் போட்ட எடமெல்லாம் மறுக்கா நனையுதுன்னா உள்ள அமுக்கம் இருக்குதுன்னு அர்த்தம். எண்ணெ அளவு பாக்கற கம்பி தானா மேல எந்திரிச்சு நிக்குது பாருங்க. கல்யாணம் முடியற வரைக்கும் வண்டி எங்கிட்டயே இருக்கட்டும், நான் ஓட்டிப் பாத்துத் தர்றேன். உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், அந்தக் குழாயை மட்டும் தொடாதீங்க."

ஊரு பூராப் பத்திரிக்கை வெக்கோணும், வண்டியை அவங்கிட்ட விட்டுட்டு நான் பஸ்ஸுல போறதா? எடுத்துட்டு வந்துட்டேன். அந்தக் குழாயா? சொந்தபந்தமெல்லாம் வீடு பாக்க வர்ற நேரமுங்க. டைல்ஸு கறையா இருந்தா நல்லாவா இருக்கும்? கட்டித்தான் வெச்சேன். ஒரு சொட்டுக்கு ஒரு துணி. அதுல என்ன குத்தம்?

கல்யாணம் இங்கதான், உடுமலை ரோட்டு மண்டபத்துல. முகூர்த்தத்தன்னைக்குக் காலைல சம்பந்தியையும் சம்பந்தியம்மாளையும் லாட்ஜுல இருந்து நானே கூட்டியாரேன்னு கெளம்புனேன். பொண்ணோட அப்பன் நேர்ல வந்து வண்டியில ஏத்திட்டுப் போறது ஒரு மரியாதை பாருங்க. வர்ற வழியில செவப்பு லைட்டு எரியுது. எண்ணெ இல்லைன்னா எரியற லைட்டு. எனக்கும் தெரியும். ஆனா போன வாரந்தான கியர் பாக்ஸை எறக்கி மாத்துனான், லைட்டுல ஏதோ வயரு கோளாறுன்னு நெனைச்சேன். கொஞ்ச தூரம் வந்ததும் கடகடன்னு ஒரு சத்தம். ஆத்துப் பாலத்து மேலயே நின்னு போச்சு. பின்னால திரும்பிப் பாத்தா நாங்க வந்த வழி நெடுக ரோட்டுல கருப்புக் கோடு.

சம்பந்தியம்மா பட்டுச் சேலை, கழுத்து நெறைய நகை. காலிப் பால்கேனு ஏத்திட்டுப் போன மினி லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்துனான். அந்தம்மா முன்னால ஏறி உக்காந்துச்சு. சம்பந்தியும் நானும் பின்னால கேன்களுக்கு நடுவுல. வேட்டியில பாலுக் கறையோட மண்டபத்து வாசல்ல எறங்கறோம், நாதஸ்வரக்காரங்க எங்களைப் பாத்ததும் வாசிக்கறதை நிறுத்திட்டாங்க.

அந்த நேரம் பாத்து எதிர்ல தண்டபாணி. தாய்மாமன் சீரு கொண்டாறான். தலப்பாக் கட்டி, தட்டைத் தலைக்கு மேல தூக்கிட்டு, பின்னால அவன் சம்சாரம், சொந்தக்காரங்க. எங்க வழக்கத்துல பொண்ணு நெத்தியில பட்டம் கட்டறது தாய்மாமன்தாங்க. மேகலா பொறந்த நாளா அவன் அதுக்குன்னு காத்துட்டு இருந்தான். அவனுக்குப் புள்ளை இல்லை.

எனக்கு என்ன பேசறோம்னு தெரியலை. ஆனா பேசுனது நாயம். "சீர்த்தட்டு ஒண்ணுதான் கொறைச்சல்! ஒரு வண்டியில இருக்கற ஓட்டையை அடைக்கத் துப்பில்லை, தாய்மாமன்னு தலப்பாக் கட்டிட்டு வந்துட்டான். இவங்கிட்ட வண்டி விடறவங்கல்லாம் கேட்டுக்கங்க, உசுரோட வீடு போய்ச் சேர மாட்டீங்க"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். மண்டபத்துல இருந்தவங்க முக்காவாசிப் பேரு அவங்கிட்ட வண்டி விடறவங்க.

அவன் திருப்பிப் பேசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். தட்டை மெதுவா எறக்கி அவங்கக்கா கையில குடுத்தான். "அக்கா, மேகலாவுக்கு நீயே கட்டி விடு"ன்னான். தலப்பாவை அவுத்துத் தோள்ல போட்டுட்டு வாசப்படி எறங்கிப் போயிட்டான். அவன் சம்சாரமும் பின்னாலயே போயிருச்சு.

வேலுமணி என்னைப் பாத்தா. அப்படி ஒரு பார்வை. நான் என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி. அப்பறம் அவ பொறந்த வீட்டுப் பங்காளியில தூரத்து மாமன் ஒருத்தனைக் கூப்பிட்டுப் பட்டம் கட்ட வெச்சோம். மேகலா தாலி ஏறற வரைக்கும் அழுதுட்டே இருந்தா. பொண்ணு பொறந்த வீட்டை விட்டுப் போறதுக்கு அழுவுதுன்னு சம்பந்தி ஆளுங்க நெனைச்சுட்டாங்க. நல்லவேளை.

அதுக்கப்பறம் வண்டியைக் கட்டி இழுத்துட்டு உங்க ஊரு மெக்கானிக்கு ஒருத்தங்கிட்ட விட்டேன். என்ஜினை முழுசாப் பிரிச்சுச் செஞ்சான். வாங்கப் போனப்ப அந்தத் துணியை ஒரு குச்சியில தூக்கிக் காட்டறான். "இதை அடைச்சு வெச்சவன் யாருங்க? உங்களுக்கு வேண்டாதவன் எவனோதான் பண்ணியிருக்கான். இந்தக் குழாய் அடைச்சிருந்தா எத்தனை பேக்கிங் மாத்துனாலும் ஒழுகத்தான் செய்யும்"ங்கறான்.

யாருன்னு தெரியலைப்பா, முன்னால வேலை பாத்தவன் எவனாச்சும் வெச்சிருப்பான்னேன். வேற என்னங்க சொல்றது? முன்னப் பின்ன தெரியாத ஆளு, சுத்தி நாலு பேரு நிக்கறாங்க.

நான் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. தண்டபாணிக்கு இது தெரியும். தெரிஞ்சும் என்ன பண்ணுனான்? அடைக்காதீங்கன்னான். தொடாதீங்கன்னான். அப்படிச் சொன்னா யாருக்குப் புரியும்? சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குதில்ல? என் சட்டையைப் புடிச்சு, யோவ் மாமா, நீதான்யா இத்தனைக்கும் காரணம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா? மரியாதை மரியாதைன்னு முழுங்கி முழுங்கிப் பேசுனா? அவன் மரியாதையில எங்குடும்பம் போச்சு.

ஒர்க்ஷாப்பை மூடிட்டான். நாந்தான் மூட வெச்சேனாம். கோவத்துல ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா ஊரே வண்டியை எடுத்துட்டுப் போயிருமா? போனாங்கன்னா அது அவங்க தப்பு. இப்பக் குண்டடத்துல ஒரு நூல்மில்லுல வேன்களைப் பாத்துக்கற வேலைக்குப் போறான், வீடும் அங்கயே. மேகலா வளைகாப்புக்குக்கூட இங்க வரலை, அவ மாமியா வீட்டுலயே வெச்சுக்கிட்டாங்க. பேத்தி பொறந்து இப்ப நடக்குதாம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை. வேலுமணி காலைல குளிச்சுட்டு, சிவன்மலைக் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்னு கெளம்புனா. வண்டியில கொண்டுபோயி விடட்டான்னேன். பஸ்ஸு இருக்குதுன்னா. எப்பவும் அப்படித்தான், மேகலா கல்யாணத்துக்கப்பறம் அவ இந்த வண்டியில ஏறுனதே இல்லை. அவ போனதும் எனக்கு வீட்டுல இருக்க முடியலை. திடீர்னு தோணுச்சு, தண்டபாணியைப் போயிப் பாக்கலாம்னு. பெரியவன் நானே எறங்கிப் போனா, அவன் மாமா, தெரியாம நடந்து போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு வசதியா இருக்குமில்ல? வண்டி ஒழுகாம ஓடறதையும் பாத்தா சந்தோசப்படுவான். தொழில்காரன் பாருங்க.

குண்டடத்துல விசாரிச்சுட்டு அவன் வீட்டுச் சந்துல திரும்பறேன். கண்ணாடி எறக்கி விட்டிருந்தேன். உள்ள இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். வாய் விட்டுச் சிரிக்கற சத்தம். எனக்கு ஒரு நிமிசம் யாருன்னே புடிபடலைங்க. ஆனா கேட்டிருக்கறேன், எங்கியோ கேட்டிருக்கறேன். வண்டி வாசலுக்குப் போறதுக்குள்ள அது டக்குனு நின்னு போச்சு. இந்த என்ஜின் சத்தம் அவளுக்குத் தெரியாதுங்களா?

தண்டபாணி வெளிய வந்தான். தலை நரைச்சுட்டான். "வாங்க மாமா"ன்னான். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னான். வண்டியைப் பாத்ததும் கை சும்மா இருக்கலை அவனுக்கு, கேட்டைத் தாண்டி வந்து பானெட்டைத் தொறக்கச் சொல்லிக் காதை வெச்சுக் கேட்டான். குனிஞ்சு அடியில பாத்தான். அந்தக் குழாய் முனையை ஒரு வெரலால தொட்டுப் பாத்தான்.

"நல்லா செஞ்சிருக்காங்க மாமா. யாரு?"

"பல்லடத்துல ஒருத்தன்."

"நல்ல வேலைக்காரனுங்க"ன்னான்.

நின்னேன். அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கு நானும் எத்தனை நேரம் நிக்கறது? பானெட்டை அழுத்தி மூடுனான், வேட்டி முனையில கையைத் தொடைச்சான். "வெயில்ல நிக்காதீங்க, பாத்துப் போங்க மாமா"ன்னுட்டு உள்ள போயிக் கேட்டைச் சாத்துனான். உள்ள சத்தமே இல்லை. ஒரு பாத்திரம் வெக்கற சத்தம்கூட இல்லை. நான் கெளம்பிப் போற வரைக்கும் மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருந்திருப்பா போல.

வந்துட்டேன். சோறு எடுத்து வெச்சுட்டுத்தான் போயிருந்தா. சாப்பிடலை. பொழுது எறங்கறப்ப பஸ்ஸுல வந்தா. அவளும் என்னைப் பாக்கலை, நானும் அவளைப் பாக்கலை. கோயில்ல கூட்டமான்னேன். கூட்டந்தான்னா. நல்லாக் கும்பிட்டயான்னேன். ஆமான்னா. முந்தானையை அவுத்து, காகிதத்துல மடிச்சு வெச்சிருந்த திருநீறை எடுத்து எம் முன்னால நீட்டுனா. எந்தக் கடையில வாங்குனாளோ.

நான் என்னங்க பண்றது தம்பி? எடுத்துப் பூசிக்கிட்டேன்.